அறுபது வந்த வழி

(நம் சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



 நம் சங்கத்துக் காரியதரிசி அவர்கள் இவ்வாண்டும் யாதேனும் ஒரு பொருள்பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்தார்கள். சென்ற ஆண்டு இலக்கியம் பேசினோம். இவ்வாண்டு எண்ணும் காலமும் பற்றிப் பேசத் துணிந்தோம். தமிழாசிரியனுக்கு எண்ணிலே என்ன வேலை எனச் சிலர் நகைத்தல் கூடும். முற்காலத்துத் திண்ணைப்பள்ளி ஆசான் நிகண்டையும் எண்சுவடியையும் ஒரே வாயால் ஓதுவித்தான் என்பதை நினைப்பார்க்கு நகை எழாது. ஆகலின் எமது துணிவைப் பொறுத்தருள்க.

இப்பொருளை எமக்குத் தந்தவள் எம் வகுப்பில் பயிலும் ஒரு சிறுமி. ஒருநாள் அவள் எழுந்து, “ஐயா! ரூபாய்க்கு நூறு காசு. மீட்டருக்கு நூறு சென்டிமீட்டர். கிலோவுக்கு ஆயிரம் கிராம். எல்லாம் பத்துப் பத்தாகவே ஏறிப் போகின்றன. மணிக்கு மட்டும் ஏன் அறுபது நிமிடம்? நாளுக்கு ஏன் இருபத்துநான்கு மணி?” என்று வினவினாள். யாம் சற்றே திகைத்து, “நாளைச் சொல்வோம், அமர்க” என்றோம். அன்று மாலை நம் சங்கத் திண்ணையில் இவ்வினாவை எடுத்து வைத்தோம். பெரியவர் ஒருவர், “நாழிகை அறுபது நம்முடையது. நம் முன்னோரிடமிருந்தே உலகத்தார் எல்லாரும் கொண்டனர். இதிலே ஐயம் என்ன?” என்றார். இளைஞர் ஒருவர், “எல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த கடிகாரத்தோடு வந்தது, மாமா” என்றார். இருவரும் ஏடு புரட்டாமலே விடை கூறினர். ஒருவர்க்குப் பெருமை விடையாயிற்று. மற்றவர்க்குச் சிறுமை விடையாயிற்று. உண்மை இவ்விரண்டிற்கும் புறத்தே இருந்தது. அதனைத் தேடி யாம் கண்டவற்றையே இன்று உங்கள்முன் வைக்கின்றோம்.

யூப்ரடீஸ், டைகிரிஸ் என்னும் ஈராறுகள் பாயும் நாடு, இன்று ஈராக் எனப்படுவது. அதன் தென்பகுதியில் சுமேரியர் வாழ்ந்தனர். அவர்தம் நகரங்களுள் ஒன்று ஊருக் என்பது. ஏறக்குறையக் கி.மு. 3200 அளவில் அந்நகரத்துக் கோயிற் பண்டாரக் கணக்கர் ஈரக் களிமண்ணைச் சிறு பலகை போல் தட்டி, அதன்மேல் நாணற்குச்சியால் அழுத்திக் கணக்கு எழுதினர். உலகில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்துகளுள் இவை தலையாயின. அவற்றுட் பெரும்பாலன பாட்டும் அல்ல, புராணமும் அல்ல. இத்தனை கலம் வாற்கோதுமை, இத்தனை ஆடு, இத்தனை பேர்க்குக் கூலி என்னும் வரவு செலவுகளே. எழுத்தென்னும் தெய்வம் கணக்கப்பிள்ளையின் மனையிலே பிறந்தது என்றால் தமிழ் கற்ற எமக்கே சிறிது நாணமாகத்தான் இருக்கின்றது. ஆயினும் உண்மை அதுவே.

அக்கணக்கர்க்கு முதலில் எல்லாப் பொருட்கும் பொதுவான ஓர் எண்முறை இருந்ததில்லை. ஆடு மாடு எண்ணுதற்கு ஓர் அடுக்கு, தானியம் அளத்தற்கு மற்றோர் அடுக்கு, நிலம் அளத்தற்கு வேறோர் அடுக்கு எனப் பலவாக இருந்தன. இது நமக்குப் புதிதன்று. நெல்லைப் படி, மரக்கால், கலம் என்றும், நிலத்தைக் குழி, மா, வேலி என்றும் நாமும் வேறு வேறாகவே அளந்தோம். ஊருக் நகரத்து ஆடு மாடு எண்ணும் அடுக்கிலே பத்து ஒன்றுகள் சேர்ந்து ஒரு பத்து ஆயின. ஆறு பத்துகள் சேர்ந்து ஓர் அறுபது ஆயின. அவ்வறுபதுக்கெனத் தனிக்குறி ஒன்று இருந்தது. நூற்றுக்குக் குறி இல்லை. நாம் நூறு என்று நிறுத்தும் இடத்தில் அவர் அறுபது என்று நிறுத்தினர்.

பின்னர், ஏறக்குறையக் கி.மு. 2000 அளவில், இவ்வறுபது ஓர் அரிய முறையாக வளர்ந்தது. நேர் ஆப்புக் குறி ஒன்று, கோண ஆப்புக் குறி ஒன்று என இரண்டே குறிகளால் எவ்வெண்ணையும் எழுதக் கற்றனர். முன்னது ஒன்று, பின்னது பத்து. ஆனால் அந்நேர் ஆப்பு நிற்கும் இடம் மாறினால் மதிப்பும் மாறும். கடைசி இடத்தில் நின்றால் ஒன்று. அதற்கு இடப்புறம் நின்றால் அறுபது. இன்னும் ஓரிடம் தள்ளி நின்றால் அறுபதின் அறுபது, அஃதாவது 3600. வலப்புறம் தள்ளினால் அறுபதில் ஒரு பங்கு. இடத்தால் மதிப்புப் பெறும் எண்முறை உலகில் முதன்முதல் தோன்றியது இங்கேதான். வெற்றிடத்தைக் காட்டும் குறி ஒன்றே குறையாக இருந்தது, கி.மு. 300 அளவில் அதற்கும் ஒரு குறியை இடையில் இட்டு எழுதினர். ஆயினும் அக்குறியை அவர் ஓர் எண்ணாகக் கொண்டு கூட்டிக் கழிக்கவில்லை. சுன்னத்தை எண்ணாகவே கொண்டு அதற்குக் கூட்டல் கழித்தல் விதிகளை வகுத்தவர் நம் நாட்டுப் பிரமகுப்தர். அவர் நூல் செய்த ஆண்டு கி.பி. 628. அவரவர்க்குரிய புகழை அவரவர்க்கே கொடுத்தல் நம் கடன்.

அற்றேல், அறுபதின் சிறப்பு யாது? தாய்மார்களே, நீங்கள் இதனை எளிதில் உணர்வீர்கள். நூறு முறுக்கை மூன்று பிள்ளைகட்குப் பங்கிட்டால் ஒன்று மிஞ்சிச் சண்டை மூளும். அறுபது முறுக்காயின் இருவர்க்கும் பங்கிடலாம். மூவர்க்கும் நால்வர்க்கும் ஐவர்க்கும் அறுவர்க்கும் மிச்சமின்றிப் பங்கிடலாம். நூற்றை மீதியின்றி வகுக்கும் எண்கள் ஒன்பது. அறுபதை வகுப்பனவோ பன்னிரண்டு. நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தீயோன் என்னும் கணிதரும் அறுபதின் ஏற்றத்திற்கு இக்காரணமே கூறினார். கூலி பங்கிடுவோர்க்கும் வட்டி கணக்கிடுவோர்க்கும் இதனினும் வாய்ப்பான எண் வேறில்லை. நம் முன்னோரும் இந்நோக்கம் பற்றியே மா என இருபதில் ஒன்றும், காணி என எண்பதில் ஒன்றும், முந்திரி என முந்நூற்றிருபதில் ஒன்றும் வகுத்தனர். பங்கிடுதலே கீழ்வாய்க் கணக்கின் தாய் என்க.

இனி, பண்டாரத்தில் பிறந்த அறுபது வானத்தில் ஏறியது எங்ஙனம் என்று காண்போம்.

அந்நாட்டார் நெடுவழியைப் ‘பேரு’ என்னும் அளவால் அளந்தனர். ஒரு பேரு ஏறக்குறையப் பத்துக் கிலோமீட்டர். நடந்து செல்வோன் நம் கணக்கில் இரண்டு மணியில் கடக்கும் தொலைவு. “ஒரு கூப்பிடு தூரம்” என நாம் குரலால் வழியை அளப்பது போல, அவர் வழியால் காலத்தை அளந்தனர். ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்தது பன்னிரண்டு பேரு. ஒவ்வொரு பேருவும் முப்பது ‘உஷ்’. ஆகவே ஒரு நாள் முந்நூற்றறுபது உஷ். வானம் ஒரு நாளில் ஒரு சுற்றுச் சுற்றுகின்றதாகத் தோன்றுதலின், வானத்து வட்டமும் முந்நூற்றறுபது பங்காயிற்று. நாம் இன்று பாகை என வழங்குவது அதுவே. நம் பிள்ளைகள் வட்டத்தை 360 பாகையாகப் பிரிக்கும்பொழுதெல்லாம் ஊர்வழி நடந்த ஒரு பழைய வழிப்போக்கனின் காலடியைப் பின்பற்றுகின்றனர் என்று அறிக. பின்னர்க் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில், ஞாயிறு செல்லும் வழியைப் பன்னிரண்டு இராசிகளாக, இராசிக்கு முப்பது பாகையாக, ஒப்பப் பகுத்தனர் பாபிலோனியர்.

காலத்தை அளத்தற்கு அவர் கொண்ட கருவி நீர்ப்பாத்திரம். ஒழுகும் நீரை நிறுத்து அதன் எடையால் பொழுது கூறினர். ‘முல் அபின்’ என்னும் அவர்தம் வான நூல் ஏறக்குறையக் கி.மு. 1000 அளவில் தொகுக்கப்பட்டது. பகலும் இரவும் ஒத்த நாளில் பகலுக்கு மூன்று மினா எடை நீர். பகல் மிக நீண்ட நாளில் நான்கு மினா. மிகக் குறுகிய நாளில் இரண்டு மினா என்று அது விதிக்கின்றது. நெடும்பகல் குறும்பகலினும் இருமடங்கு என்பது அதன் பொருள். இஃது அந்நாட்டு உண்மைக்குப் பொருந்தாது. பின்வந்தோர் மூன்றுக்கு இரண்டு என்னும் விகிதத்தைக் கையாண்டனர். இது மெய்க்கு மிக நெருங்கியது. முன்னோர் நூலைப் போற்றிப் படியெடுத்த கையே அதன் எண்ணைத் திருத்தவும் செய்தது. முன்னோரை மதித்தல் என்பது அவர் கண்டதை மீண்டும் கண்ணால் பார்த்தலே என்பதை அக்கணக்கர் அறிந்திருந்தனர்.

நம் தமிழகத்திலும் நீரால் பொழுதளந்தோர் இருந்தனர். பாசறையில் நாழிகைக் கணக்கர் நீர்ப்பாத்திரம் கொண்டு அரசனுக்குப் பொழுது அறிவித்தமையை முல்லைப்பாட்டால் அறிகின்றோம். நாழிகை வட்டில் என்னும் சொல்லும் நம்மிடை உண்டு.

அறுபதின் கதை இவ்வாறாக, இருபத்துநான்கின் கதை எகிப்து நாட்டில் நிகழ்ந்தது. அந்நாட்டார் முப்பத்தாறு விண்மீன் கூட்டங்களைத் தேர்ந்து, பத்து நாட்கு ஒன்றாக அவை விடியலில் முதன்முதல் எழுவதைக் குறித்தனர். ஏறக்குறையக் கி.மு. 2100 அளவில் பிணப்பேழைகளின் மூடியிலே இம்மீன் அட்டவணைகளை எழுதி வைத்தனர்; மறுமைக்குச் செல்வோனும் இரவில் நேரம் அறியாமல் வருந்தலாகாது எனக் கருதினர் போலும்! இருள் நிறைந்த பொழுதில் பன்னிரண்டு கூட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழக் கண்டு இரவைப் பன்னிரண்டாகப் பகுத்தனர். பகலுக்கும் பன்னிரண்டு வகுத்தனர். இரண்டும் கூட இருபத்துநான்கு ஆயிற்று. ஆயின் அவர்தம் மணிகள் ஒத்த அளவின அல்ல. கோடைப் பகலில் மணி நீளும், மாரிப் பகலில் குறுகும். கர்னாக் கோயிலில் கண்டெடுத்த நீர்க்கடிகாரம் ஒன்று மூன்றாம் அமென்ஹோத்தெப் அரசன் காலத்தது, கி.மு. பதினான்காம் நூற்றாண்டினது. அதன் உட்புறத்தில் மாதத்திற்கு ஒரு வரிசையாகப் பன்னிரண்டு அளவுக்குறிகள் உள.

இவ்விரண்டு ஆறுகளும் கலந்த கடல் கிரேக்கர் கல்வி. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் ஹிப்பார்க்கஸ் பாபிலோனியர் எண்களையும் கிரகணக் குறிப்புகளையும் கைக்கொண்டார். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் தாலமி என்பார் தம் பெருநூலில், பாகையை அறுபதாகவும் அவ்வறுபதில் ஒன்றை மீண்டும் அறுபதாகவும் பகுத்துக் கணித்தார். எகிப்தியர் மணி இருபத்துநான்கும் ஒத்த அளவினவாக்கப்பட்டு வானக் கணிதத்தில் இடம்பெற்றன. பின்னாளில் இலத்தீனில் எழுதியோர் முதல் அறுபதுக் கூற்றை ‘முதற் சிறு கூறு’ என்றும், அடுத்ததை ‘இரண்டாம் சிறு கூறு’ என்றும் வழங்கினர். ஆங்கிலத்தார் வாயில் அவையே ‘மினிட்டு’ எனவும் ‘செகண்டு’ எனவும் ஆயின. செகண்டு என்பதற்கு இரண்டாவது என்னும் பொருள் அமைந்ததன் காரணம் இதுவே. ஆயிரம் ஆண்டுகட்குமுன் அல்பிரூனி என்னும் அறிஞர் மணியையும் இவ்வாறே அறுபதறுபதாகப் பகுத்தெழுதினார். பதினான்காம் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்களில் பல்சக்கரக் கடிகாரங்கள் ஏறியபின் ஒத்த மணி ஊரார் உடைமையாயிற்று.

இதனை மாற்ற முயன்றாரும் உளர். பிரெஞ்சுப் புரட்சியார் 1793இல் நாளைப் பத்து மணியாகவும், மணியை நூறு நிமிடமாகவும் வகுத்துச் சட்டம் செய்தனர். மீட்டரையும் கிராமையும் உலகுக்கு அளித்த அந்நாட்டாரால் இதனை நடத்த இயலவில்லை. 1795இலேயே அச்சட்டத்தை நிறுத்தி வைத்தனர். 1967இல் உலக அறிஞர் கூடி, சீசியம் என்னும் தனிமத்தின் அணுவிலிருந்து வரும் கதிரின் 9,192,631,770 அதிர்வுகளை ஒரு செகண்டு என வரையறுத்தனர். அணுவை அளவுகோலாக்கிய அவர்களும் சுமேரியன் அறுபதை அசைக்கவில்லை!

இனி நம் வீட்டுக்கு வருவோம். நம் பஞ்சாங்கத்தில் ‘ஓரை’ என ஒரு பகுதி உண்டன்றோ? அச்சொல் கிரேக்க மொழியின் ‘ஹோரா’ என்பதிலிருந்து வடமொழி வழியாக வந்தது. கேந்திரம் என்னும் சொல்லும் அவ்வாறு வந்ததே. ஓரையின் முறை கொண்டு கிழமைகள் தோன்றிய வகையைக் கைவிரலாலேயே எண்ணிப் பார்க்கலாம். சனி, குரு, செவ்வாய், சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன் எனக் கோள்களை வரிசைப்படுத்தினர். மெல்ல நகர்வது முதலாக, விரைவது ஈறாக. ஓரைக்கு ஒரு கோள். ஞாயிறன்று விடியலில் முதல் ஓரை சூரியனுக்கு. அடுத்துச் சுக்கிரன், புதன், சந்திரன், சனி, குரு, செவ்வாய் என ஏழும் முடிந்து மீண்டும் சூரியன் வரும். இவ்வாறே மும்முறை சென்றால் இருபத்தோர் ஓரை கழியும். இருபத்திரண்டாவது சூரியன், இருபத்துமூன்றாவது சுக்கிரன், இருபத்துநான்காவது புதன். நாள் முடிந்தது. மறுநாள் விடியலின் முதல் ஓரை யாருக்கு? சந்திரனுக்கு. ஆகவே ஞாயிற்றுக்குப்பின் திங்கள். இப்படியே எண்ணிச் சென்றால் செவ்வாயும் புதனும் தத்தம் இடத்தில் வந்து நிற்கும். எகிப்தியர் இருபத்துநான்கும், பாபிலோனியர் கோளறிவும், கிரேக்கர் வரிசையும் சேர்ந்தல்லவா நம் வெள்ளிக்கிழமை வந்தது!

அப்படியாயின் திண்ணைப் பெரியவர் கூற்று முழுதும் பொய்யா? அன்று. நாள் ஒன்றை அறுபதாகப் பகுத்தல் நம் நாட்டில் மிகப் பழையது. வேதாங்க ஜோதிஷத்திலேயே அது காணப்படுகின்றது. நாழிகை நம்முடையதே. ஆயின் மணிக்கு அறுபது நிமிடம் என்பது வேறு வழியாகச் சுற்றி வந்தது. இரண்டு வழியும் ஓரிடத்தில் சந்திக்கும் அழகைக் கேண்மின். அமாவாசைக்கும் அடுத்த அமாவாசைக்கும் இடைப்பட்ட சராசரிக் காலத்தைப் பாபிலோனியர் கண்டறிந்தனர். தாலமி அதனை நாளின் அறுபதுக் கூறுகளால் எழுதினார். அவ்வெண்ணை அப்படியே தமிழில் படித்தால் 29 நாள், 31 நாழிகை, 50 விநாழிகை, 8 தற்பரை, அதன்மேலும் ஒரு தற்பரையின் அறுபதில் இருபது கூறு. மொழிபெயர்ப்பே வேண்டா! இக்காலத்து அறிஞர் கண்ட அளவிற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அரைச் செகண்டு அளவே. யூதர்தம் பஞ்சாங்கம் இன்றும் இவ்வளவையே கொண்டு நடக்கின்றது.

தொலைநோக்கி இல்லாதார் இத்துணை நுட்பம் எய்தியது எங்ஙனம்? பொறுமையால். பாபிலோன் நகரத்துக் கணக்கர் இரவுதோறும் வானம் பார்த்து, திங்கள் எங்கே நின்றது, கோள் எங்கே நின்றது, மேகம் மூடிற்றா, ஆற்றில் நீர் எவ்வளவு, சந்தையில் வாற்கோதுமை விலை என்ன என்று எழுதி வைத்தனர். அவ்வேடுகளுள் இன்று கிடைப்பனவற்றில் பழையது கி.மு. 652ஆம் ஆண்டினது, பிந்தியது கி.மு. 61ஆம் ஆண்டினது. ஏறக்குறைய அறுநூறு ஆண்டு! அரசர் மாறினர், அசீரியர் போயினர், பாரசீகர் வந்தனர், கிரேக்கர் வந்தனர், பார்த்தியர் வந்தனர். கணக்கன் மட்டும் மாடியினின்று இறங்கவில்லை.

ஆனால், பெரியோர்களே, இவ்வளவு அரிய கல்விக்கு நேர்ந்த முடிவைக் கேட்டால் நெஞ்சு நடுங்கும். இனி யாம் சொல்லப்போவதே இன்றைய பேச்சின் உயிர்.

ஊருக் நகரத்தில் இவ்வானக் கணிதம் சில குடும்பத்தார் கையிலேயே இருந்தது. ஏட்டின் இறுதியில் தந்தை பெயர், பாட்டன் பெயர், குல முதல்வன் பெயர் எல்லாம் பொறித்தனர். எக்கூர்சாக்கிர் வழியினர் என்றும், சின்லெக்கிஉன்னின்னி வழியினர் என்றும் பெருமையோடு எழுதினர். அதனோடு நில்லாது, சில ஏடுகளில், கற்றவன் கற்றவனுக்கே காட்டுக, அல்லாதவன் கண்ணில் இது படலாகாது என்னும் கருத்துப்படத் தடையும் எழுதி வைத்தனர். விளைந்தது யாது? கோயில்கள் நலிந்தன, குடும்பங்கள் அருகின, ஆப்பெழுத்தைப் படிப்பார் ஒவ்வொருவராகக் குறைந்தனர். நாள் அறியக்கூடிய கடைசி ஏடுகள் கி.பி. முதல் நூற்றாண்டினவாய், அவையும் வானக் கணித ஏடுகளாகவே அமைந்துள்ளன. அதன்பின் நிசப்தம். ஆயிரத்தெழுநூறு ஆண்டுகட்கு மேலாக அவ்வெழுத்தைப் படிக்க உலகில் ஓர் உயிரும் இல்லை.

1857இல் நான்கு அறிஞர் ஒரே பழைய பொறிப்பைத் தனித்தனியே மொழிபெயர்த்து முத்திரையிட்டு அனுப்ப, நான்கும் ஒத்திருந்தமையால் அவ்வெழுத்து மீண்டும் வாய் திறந்தது என உலகம் நம்பிற்று. 1881இல் ஸ்ட்ராஸ்மையர், எப்பிங் என்னும் இரண்டு பாதிரிமார் அவ்வான ஏடுகளின் கணக்கை அவிழ்த்தனர். மண்ணாகலின் அழியாது கிடந்தது; ஓலையாயின் என்னாகும்?

அவ்வறிவில் உயிரோடு தப்பியது எது? பிறர்க்குக் கொடுத்த பகுதியே. கிரேக்கர்க்குச் சென்றது பிழைத்தது. நம்மிடம் வந்தது பிழைத்தது. இதற்குச் சான்று நம் புதுச்சேரியிலேயே உண்டு. சென்னை வானாய்வுக் கூடத்தில் முன்னர்ப் பணியாற்றிய வாரன் என்பார் ‘காலசங்கலிதம்’ என்னும் ஆங்கில நூலை 1825இல் சென்னையில் வெளியிட்டார். புதுச்சேரியில் வாழ்ந்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தரையிலே சோழிகளைப் பரப்பி, வாக்கியங்களாக மனப்பாடம் செய்திருந்த எண்களைக் கொண்டு சந்திர கிரகணம் கணித்ததை அவர் அதிற் பதிந்தார். 1825 மே 31, ஜூன் 1 இடைப்பட்ட இரவின் கிரகணம் அது. தொடக்கத்தில் நான்கு நிமிடமும், நடுவில் இருபத்துமூன்று நிமிடமும், முடிவில் ஐம்பத்திரண்டு நிமிடமுமே பிழை. அக்கணிதர் வானநூற் கொள்கை அறியாதவர். கை அறிந்தது, நா அறிந்தது. 1952இல் நியூகெபவர் என்னும் அறிஞர் இக்கணக்கை ஆராய்ந்தார். திங்களின் இயக்கத்தை 248 நாள் கொண்ட சுற்றாக வைத்தெண்ணும் முறை, பாபிலோனியர் மண்ணேட்டிலும் கிரேக்கர் தாளிலும் தமிழர் வாக்கியத்திலும் ஒன்றாகவே இருத்தலை எடுத்துக் காட்டினார். ஊருக் மாடியில் அணைந்த விளக்கின் சுடர், இரண்டாயிரம் ஆண்டு கழிந்தும், புதுச்சேரித் திண்ணையில் ஒரு தமிழன் சோழியில் எரிந்துகொண்டிருந்தது!

இது கேட்டு நாம் மகிழலாம். ஆனால் எம் குடும்பத்துக் கதை ஒன்றையும் கேட்டபின் மகிழ்க. எம் பாட்டனாரின் தமையனார் எங்கள் ஊர் ஏரிக்கு முறைநீர் விடுவோர்க்குப் பொழுது கூறிவந்தார். பகலில் தம் நிழலை அடியால் அளந்து நாழிகை சொல்வார்; இரவில் உச்சிமீன் பார்த்துச் சொல்வார். இரண்டு வயற்காரர்க்கிடையே அவர் சொல்லே தீர்ப்பு. அதற்கான ஓலைச்சுவடி ஒரு மரப்பேழையில் இருந்தது. மூத்த மகனுக்கன்றி வேறெவர்க்கும் அதனைக் காட்டலாகாது என்பது அவர் கட்டளை. எம் பாட்டனார் உடன்பிறந்த தம்பியாயிருந்தும் கேட்டுப் பெறவில்லை. எம் அத்தைப்பாட்டி சிறுவயதில் அதைத் தொட்டுப் பார்த்ததற்கு அடிபட்டாராம். மூத்த மகன் காய்ச்சலில் இளமையிலேயே இறந்தான். பெரியவர் அதன்பின் பேழையைத் திறக்கவில்லை. எம் தந்தையார் காலத்தில் திறந்தபோது செல்லரித்த தூளே கையில் வந்தது. எஞ்சிய மூன்று ஓலைகளில் எண்கள் இருந்தன. அவற்றின் பொருள் சொல்வார் இல்லை. அம்மூன்றையும் யாம் இன்றும் வைத்திருக்கின்றோம். தமிழ்ப் பண்டிதன் என்று பெயர் பெற்ற எமக்கும் அவை விளங்கவில்லை. குலத்தின் உடைமை என்று பூட்டினோம்; குலத்திற்கும் இல்லாமற் போயிற்று.

ஆகவே, சகோதரர்களே, யாம் இரண்டு வேண்டுகோளை உங்கள்முன் வைக்கின்றோம். உங்கள் பரணிலும் பேழையிலும் ஓலையோ பழங்கணக்கோ இருப்பின் அடுத்த கூட்டத்திற்குக் கொண்டுவாருங்கள். படம் எடுத்துப் படியெடுத்து, ஏட்டை உங்களிடமே திருப்பித் தருவோம். படித்தறிய வல்லார் எக்குலத்தவராயினும் அவர்க்குக் காட்டுவோம். அடுத்து, உங்களுக்குத் தெரிந்த தொழிலையும் கணக்கையும் மூத்த மகனுக்கென்று ஒதுக்காமல், மகளுக்கும் சொல்லுங்கள்; மருமகளுக்கும் சொல்லுங்கள்; கேட்க வரும் அயல்வீட்டுப் பிள்ளைக்கும் சொல்லுங்கள். கொடுத்தால் குறையும் பொருள் கல்வியன்று. நம் பெயர் அதனோடு போகாமற் போகலாம், போனால் என்ன? அறுபதைக் கண்ட சுமேரியக் கணக்கன் பெயர் யாருக்குத் தெரியும்? ஆயினும் இக்கூடத்துச் சுவரில் தொங்கும் கடிகாரம் அவன் எண்ணையே எண்ணிக்கொண்டிருக்கின்றது.

அச்சிறுமிக்கு மறுநாள் யாம் சொன்ன விடை இதுதான்: “அம்மா, உன் கேள்விக்கு விடை சொல்ல நாலைந்து நாட்டார் ஐயாயிரம் ஆண்டு உழைத்திருக்கின்றனர். ஒருவர் கண்டதை ஒருவர் வாங்கிக் கொண்டனர். வாங்கியதைத் திருத்தி அடுத்தவர்க்குக் கொடுத்தனர். உன் கையில் அது வந்திருக்கின்றது.” அவள் சற்றே எண்ணி, “அப்போ நான் யாருக்கு ஐயா கொடுக்கணும்?” என்றாள். அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். கடிகாரம் எமக்கு அளித்த பொழுது முடிந்தமையின், இவ்வளவில் எமது சிற்றுரையை நிறுத்துகின்றோம்.